மக்களவையில் எழுத்துப்பூர்வ வினா: தயாரிப்பு முதல் தொடர் நடவடிக்கை வரை

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காகவும், தங்கள் பகுதியின் பிரச்சினையை உறுப்பினர் வழியாக ஒன்றிய அமைச்சரிடம் கேட்க விரும்பும் சங்கங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விதிகள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் எந்த விதி எந்தக் கட்டத்தில் நம் வினாவைத் தடுத்து நிறுத்தும், எந்தச் சொல் அமைச்சகத்துக்குத் தப்பிச் செல்லும் வழியைத் திறந்துவிடும் என்பதை அந்த அச்சுப் பக்கங்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. ஏற்கப்படாமல் போன வினாக்களையும், நான்கு பத்திகள் நீண்டும் ஒன்றையும் சொல்லாத விடைகளையும் அடுக்கி வைத்துப் பார்த்துத்தான் நான் அதைக் கற்க நேர்ந்தது. புதிதாக வருபவர்கள் அதே வழியில் அலைய வேண்டியதில்லை.

மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20 மட்டுமே பட்டியலிடப்படும். அவற்றுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார். உறுப்பினர் துணை வினா கேட்கலாம். வினா நேரம் ஒரு மணி நேரமே என்பதால், அந்த 20-இலும் சிலவே எழுப்பப்படுகின்றன. நட்சத்திரக் குறியிடப்படாத வினாக்கள், அதாவது எழுத்துப்பூர்வமாக விடை பெறுபவை, ஒரு நாளுக்கு 230 வரை ஏற்கப்படும். மாநிலங்களவையில் இவ்விரு எண்ணிக்கைகளும் முறையே 15, 160. தொலைக்காட்சியில் தெரிவது முதல் வகைதான் என்றாலும், தொகுதியின் ஒரு குறிப்பிட்ட பணியைப் பற்றித் தேதியோடும் தொகையோடும் அமைச்சரின் பெயரில் ஓர் ஆவணத்தைப் பெற இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துப்பூர்வ விடை வந்துவிடும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் வினா நேரமே கைவிடப்பட்டபோதும் எழுத்துப்பூர்வ விடைகள் வந்துகொண்டுதான் இருந்தன. இதில் உள்ள ஒரே குறை, துணை வினா கேட்க இயலாது என்பது. ஆகவே அமைச்சர் எப்படி நழுவுவார் என்பதை முன்கூட்டியே எண்ணி, அந்தத் துணை வினாவையும் முதல் வினாவுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சாத்தியமாக்குவதற்கே.

1. யாருடைய பொறுப்பு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

ஒன்றிய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயத்தை வினாவாக ஏற்கமாட்டார்கள். தவறி ஏற்கப்பட்டாலும், “காவல்துறையும் பொது ஒழுங்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பொருள்கள்” என்ற ஒற்றை வரியோடு விடை முடிந்துவிடும். குடிநீர், மருத்துவமனை, உள்ளாட்சி ஆகியவற்றிலும் இதே நிலைதான். இதற்காக அந்தப் பொருளைக் கைவிட வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் பணம் எங்கே செல்கிறதோ அங்கே கேள்வி கேட்க இடமுண்டு. “எங்கள் ஊரில் ஏன் குடிநீர் வரவில்லை” என்று ஜல் சக்தி அமைச்சரிடம் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டுவார். “ஜல் ஜீவன் திட்டத்தில் இந்த மாநிலத்துக்கு ஆண்டுவாரியாக ஒதுக்கிய தொகை, விடுவித்த தொகை, விடுவிக்காததற்குக் காரணம்” என்று கேட்டால் அவர்தான் விடை சொல்லியாக வேண்டும்.

அமைச்சகத்தைத் தவறாகக் குறிப்பிட்டால் வினா வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். அந்த அமைச்சகத்துக்குரிய நாள் வேறாக இருப்பதால் அட்டவணை முழுதும் குலைந்துவிடும். மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படுவதைப் பற்றிய வினா வெளியுறவு அமைச்சகத்துக்குரியது. அதே மீனவர்களின் படகுக்கான மானியம் மீன்வளத் துறைக்குரியது. இரண்டையும் ஒரே வினாவில் சேர்த்தால் இரண்டுமே நீர்த்துப்போகும்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

வினாவில் ஒரு செய்தியைக் கூற்றாக எழுதினால், அது உண்மை என்பதற்கு உறுப்பினரே பொறுப்பு. நாளிதழ்ச் செய்தியை மட்டும் நம்பி எழுதுவது ஆபத்தானது. நான் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு கோப்பு தொடங்கி, கீழ்க்கண்டவை சேர்ந்த பின்னரே எழுத உட்காருவேன்:

- அதே பொருளில் ஏற்கெனவே வந்த விடைகள். நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகம், உறுப்பினர், பொருள் ஆகியவற்றின்படி தேடலாம். சாரத்தில் ஒன்றான வினாவுக்கு முன்பே விடை தரப்பட்டிருந்தால் புதியதை ஏற்கமாட்டார்கள்; எனவே இந்தத் தேடலைத் தவிர்க்கவே முடியாது.
- பணி அனுமதிக்கப்பட்ட ஆணையின் எண்ணும் தேதியும்.
- அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை, அதாவது ஆண்டுச் செலவுக்காக அது நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைகளின் விவரம். ரயில்வே பணியாக இருந்தால் ‘பிங்க் புக்’ என்று அழைக்கப்படும் பணித் திட்டப் பட்டியல்.
- துறைசார் நிலைக்குழுவின் அறிக்கையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் இருந்தால், உரிய பக்கங்கள் மட்டும்.
- தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெற்ற பதில். இதற்கான கட்டணம் 10 ரூபாய்; பதில் தர 30 நாள்கள் வரை அவகாசம் உண்டு.

கடைசியில் உள்ளதைப் பலர் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். அப்படியன்று. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ள தகவலை வினாவாகக் கேட்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. பொதுத் தகவல் அலுவலர் தரும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்பதை அமைச்சரிடம் கேட்பதே உறுப்பினரின் ஒரு வாய்ப்பைச் சரியாகச் செலவிடும் முறை.

வினா எழுப்புவதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது. யாராவது இதற்காகப் பணம் கேட்டாலும் கொடுத்தாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். வினா எழுப்பப் பணம் பெற்றதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளையும் சேர்ந்த 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டனர்; அந்த நீக்கம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது.

3. நாள்களைக் கணக்கிடுங்கள்

அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. உங்களுக்கு வேண்டிய அமைச்சர் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே விடையளிப்பார். கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடன் மக்களவைச் செயலகம் இந்த நாள்களையும், முன்னறிவிப்பு (வினாவை எழுதி முன்கூட்டியே செயலகத்திடம் தருவது) தர வேண்டிய தேதிகளையும், குலுக்கல் தேதிகளையும் அட்டவணையாக வெளியிடும். அதை அச்செடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள்.

முன்னறிவிப்புக்குக் குறைந்தது 15 முழு நாள்கள் தேவை. முன்னறிவிப்பு பெறப்படும் நாளையும் விடை வரும் நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாதத்தின் 22-ஆம் தேதி விடை வேண்டுமானால், 7 முதல் 21 வரை உள்ளவையே அந்த 15 நாள்கள். எனவே 6-ஆம் தேதி கடைசி நாள். 7-ஆம் தேதி காலையில் தந்தால் அந்த வாரம் போய்விடும். மழைக்காலக் கூட்டத்தொடர் போன்ற குறுகிய தொடர்களில் ஓர் அமைச்சருக்கு நான்கைந்து நாள்களுக்கு மேல் கிடைப்பதில்லை என்பதால், ஒரு வாரத்தை இழப்பது சிறிய இழப்பன்று.

தகவல் கோரும் மனுவுக்கு 30 நாள்கள், முன்னறிவிப்புக்கு 15 நாள்கள், எழுதித் திருத்துவதற்குச் சில நாள்கள் என்று கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு வரும் சங்கங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நவம்பர், டிசம்பரில் நடக்கும் குளிர்காலத் தொடருக்கு செப்டம்பரிலேயே வாருங்கள்.

4. வினாவை எழுதுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் ஒதுக்குங்கள். வினா பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், ஏளனம், பழிச்சொல் ஆகியவற்றுக்கு இடமில்லை. கருத்துக் கேட்கக் கூடாது. கற்பனையான நிலைமையை முன்வைக்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் உள்ளதைத் தொடக் கூடாது. தேவையின்றி எவருடைய பெயரையும் சேர்க்கக் கூடாது. இவை மக்களவை நடைமுறை விதிகளின் விதி 41-இல் விரிவாக உள்ளன. ஏற்பதா இல்லையா என்பதில் சபாநாயகரின் முடிவே இறுதியானது.

விதிகளை மீறாமலிருப்பது பாதி வேலைதான். ஒரு ரயில்வே மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் மனுவில் இருப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மேம்பாலப் பணி தாமதமாவதால் மக்கள் பெரும் துன்பத்துக்கு உள்ளாவதை அரசு அறியுமா? பணியை விரைந்து முடிக்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?” இதற்கு வரும் விடை, நாடு முழுதும் கட்டப்பட்ட மேம்பாலங்களின் எண்ணிக்கையும், பணி முடிவது நிலம் கையகப்படுத்தல், வன அனுமதி, பிற துறைகளின் ஒத்துழைப்பு போன்ற பல காரணிகளைப் பொறுத்தது என்ற பத்தியும்தான். அந்த விடையில் பொய் ஏதும் இராது; பயனும் இராது. அதே பொருளை இப்படி எழுதலாம்:

“ரயில்வே அமைச்சர் தெரிவிப்பாரா:
(அ) தெற்கு ரயில்வேயின் இன்ன கோட்டத்தில், இன்ன எண்ணுள்ள லெவல் கிராசிங்குக்கு மாற்றாக மேம்பாலம் அனுமதிக்கப்பட்ட தேதியும் அனுமதிக்கப்பட்ட மதிப்பீடும்;
(ஆ) 2022-23 முதல் ஆண்டுவாரியாக அப்பணிக்கு ஒதுக்கப்பட்ட தொகையும் செலவான தொகையும்;
(இ) கையகப்படுத்த வேண்டிய மொத்த நிலப்பரப்பு, ஒப்படைக்கப்பட்ட பரப்பு, மீதிக்கான கோரிக்கை மாநில அரசுக்கு அனுப்பப்பட்ட தேதி;
(ஈ) ஒப்பந்தப்படி பணி முடிய வேண்டிய தேதியும், அது நீட்டிக்கப்பட்டிருப்பின் ஒவ்வொரு நீட்டிப்புக்கும் பதிவான காரணமும்?”

இரண்டாவது வடிவத்தில் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் விடை ஒரு தேதி, ஒரு தொகை அல்லது ஒரு பரப்பளவு. “மாநிலம் நிலம் தரவில்லை” என்று அமைச்சகம் சொல்லும் என்பது முன்பே தெரிந்ததால், கோரிக்கை அனுப்பிய தேதியை (இ)-இல் கேட்டுவிடுகிறோம். கோரிக்கையே அனுப்பப்படவில்லை என்றால் அது அங்கே வெளிப்பட்டுவிடும்.

எழுதும்போது அடிக்கடி எதிர்ப்படும் சில பொறிகள்:

“ஆம்/இல்லை” என்று விடை தரக்கூடிய முதல் உட்பிரிவு மிகவும் ஆபத்தானது. “தாமதம் ஏற்பட்டுள்ளதா; ஆமெனில் அதன் விவரம்” என்று எழுதினால், அமைச்சகம் முதலாவதற்கு “இல்லை” என்று சொல்லி, மற்ற மூன்றுக்கும் “இவ்வினா எழவில்லை” என்று முடித்துவிடும். உட்பிரிவுகள் ஒன்றையொன்று சார்ந்திராமல் தனித்தனியே நிற்கட்டும்.

ரயில்வே திட்டங்களை மாவட்டவாரியாகக் கேட்டால், அவை மண்டலவாரியாகவே திட்டமிடப்படுகின்றன என்ற நிலையான வாக்கியம் வந்து சேரும். ஒவ்வொரு அமைச்சகமும் கணக்கை எந்த அலகில் வைத்திருக்கிறதோ அந்த அலகிலேயே கேளுங்கள். இல்லையேல் “இத்தகவல் மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை” என்ற விடைக்கு நீங்களே வழி அமைத்துத் தருகிறீர்கள்.

“கடந்த சில ஆண்டுகளில்” என்று எழுதாமல் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் எழுதுங்கள். நிதியாண்டா, நாட்காட்டி ஆண்டா என்பதும் தெளிவாக இருக்கட்டும். பத்து ஆண்டுகளுக்குக் கேட்டால் பழைய வரலாறு என்று தள்ள இடமுண்டு. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் போதுமானவை.

தமிழில் வரைவு எழுதி மொழிபெயர்ப்பவர்கள் ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலை அனுமதி ஆணையில் உள்ளவாறே எழுத வேண்டும். வினாப் பட்டியல்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கும் நம் மாவட்டங்களில் எழுத்து மாறினால் வேறோர் ஊரின் விடை வரக்கூடும்.

5. முன்னறிவிப்பைத் தாருங்கள்

ஓர் உறுப்பினர் ஒரு நாளுக்கு இரு வகைக்கும் சேர்த்து 5 முன்னறிவிப்புகள் வரை தரலாம். முன்னுரிமை குலுக்கலில் தீர்மானிக்கப்படுவதால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த நாளில் இடம் கிடைக்கும் என்று எவருக்கும் வாக்களிக்க வேண்டாம். நட்சத்திரக் குறியிட்ட பட்டியலில் ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரு வினா மட்டுமே இடம்பெறும்; நட்சத்திரக் குறியோடு கேட்டு அங்கே இடம் பெறாதவை எழுத்துப்பூர்வ வினாவாக ஏற்கப்படுவதும் உண்டு.

முன்னறிவிப்பு இணையவழியில் தரப்படுகிறது. உறுப்பினரின் கடவுச்சொல்லும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடும் உறுப்பினரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரிடம் உள்நுழைவு விவரத்தைப் பகிர்ந்தது தொடர்பான விவகாரத்தில் 2023 டிசம்பரில் ஓர் உறுப்பினர் மக்களவையிலிருந்தே நீக்கப்பட்டார். வரைவைத் தயாரித்து, அச்செடுத்து, உறுப்பினர் வரிவரியாகப் படித்துத் திருத்திய பின் அவரே சமர்ப்பிக்கட்டும். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. அந்த வினா அவருடையது.

பட்டியல் வெளியானதும் அச்சான வாசகத்தை உங்கள் வரைவோடு ஒப்பிடுங்கள். செயலகம் திருத்தம் செய்வதுண்டு. ஒரே பொருளில் பலர் கேட்டிருந்தால் இணைத்துவிடுவதும் உண்டு. இணைக்கும்போது உங்கள் ஊருக்கான உட்பிரிவு விடுபட்டிருந்தால், விடை வருமுன்பே தெரிந்துகொண்டு அடுத்த வாரத்துக்கான வினாவைத் தயார் செய்யலாம்.

6. விடையைப் படியுங்கள்

எழுத்துப்பூர்வ விடைகள் வினா நேரத்தின் முடிவில் அவையில் வைக்கப்பட்டவையாகக் கருதப்படும். அன்றே இணையதளத்திலும் கிடைக்கும். வினாவின் உட்பிரிவுகளை ஒரு தாளின் இடப்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக விடையின் வரியைக் குறியுங்கள். “(அ) முதல் (ஈ) வரை” என்று ஒன்றாகச் சேர்த்துத் தரப்படும் விடைகளுக்கு இந்த வேலை மிகவும் அவசியம். பொதுப் பத்திகளுக்கு நடுவே எந்த உட்பிரிவுக்கு விடையே இல்லை என்பது இப்படிச் செய்தால்தான் கண்ணில் படும். பின்னிணைப்பு இருந்தால் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். பெரும்பாலும் உண்மையான எண்கள் அங்கேதான் இருக்கும்.

7. விடைக்குப் பிறகு செய்ய வேண்டியவை

பல அலுவலகங்கள் விடையைச் செய்தியாளர்களுக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் அமைச்சரைப் பிடித்து நிறுத்தும் கருவிகள் விடைக்குப் பிறகுதான் கைக்கு வருகின்றன.

முதலாவது, உறுதிமொழி. “பரிசீலனையில் உள்ளது”, “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” போன்ற சொற்கள் விடையில் இருந்தால் அவை அரசின் உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்றி, நிறைவேற்ற அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். இதைக் கண்காணிக்க மக்களவையில் 15 உறுப்பினர் கொண்ட அரசு உறுதிமொழிகள் குழு உள்ளது. அமைச்சர்கள் அதில் இடம்பெற முடியாது. அமைச்சகம் அவகாச நீட்டிப்புக் கோரலாம்; உறுதிமொழியைக் கைவிடவும் வேண்டலாம்; முடிவு குழுவின் கையில். ஆகவே விடை வந்த நாளிலேயே மூன்று மாதம் கழிந்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தத் தேதியில் அறிக்கை வராவிட்டால், வினா எண், தேதி, விடையின் அந்த வரி ஆகியவற்றோடு உறுப்பினர் குழுத் தலைவருக்கு எழுதட்டும். மனுவோடு வந்த சங்கத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

இரண்டாவது, அரைமணி நேர விவாதம். அண்மையில் விடையளிக்கப்பட்ட வினாவில் உண்மை நிலை மேலும் தெளிவுபட வேண்டியிருந்தால், விதி 55-இன்கீழ் மூன்று நாள்களுக்கு முன் அறிவிப்புத் தரலாம். எழுத்துப்பூர்வ விடைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. காரணத்தை விளக்கும் குறிப்பும், மேலும் இரண்டு உறுப்பினர்களின் கையொப்பமும் வேண்டும். கையொப்பத்துக்காகக் கடைசி நாளில் ஓடுவதைத் தவிர்க்க, அதே ரயில் பாதையில் தொகுதி உள்ள உறுப்பினர்களிடம் முன்பே பேசிவைப்பது நல்லது.

மூன்றாவது, தவறான விடை. விடையில் உள்ள எண் உங்கள் கையில் உள்ள ஆவணத்தோடு முரண்பட்டால், சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-இன்கீழ் உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். எழுதும்முன் இரண்டு எண்களும் ஒரே தேதிக்கும் ஒரே அலகுக்கும் உரியவையா என்று சரிபாருங்கள். மார்ச் 31 நிலவரத்தையும் டிசம்பர் நிலவரத்தையும் ஒப்பிட்டு முரண் என்று எழுதிய கடிதம், அடுத்த முறை உண்மையான முரணைச் சுட்டும்போது உறுப்பினரின் சொல்லுக்கு மதிப்பைக் குறைத்துவிடும்.

கூட்டத்தொடர் முறைப்படி முடித்துவைக்கப்பட்டதும் நிலுவையிலுள்ள வினா முன்னறிவிப்புகள் காலாவதியாகிவிடும். அவற்றை அடுத்த தொடருக்குப் புதிதாகத் தர வேண்டும். உறுதிமொழிகளுக்கு அந்தத் தடை இல்லை. அவை குழுவின் பட்டியலில் தொடர்ந்து இருக்கும். எனவே ஒவ்வொரு தொடரின் முடிவிலும் கோப்புகளை மூன்றாகப் பிரித்து வைப்பேன்: விடை முழுமையாகக் கிடைத்தவை, உறுதிமொழி நிலுவையில் உள்ளவை, திரும்பக் கேட்க வேண்டியவை. மூன்றாவது கட்டில் உள்ள ஒவ்வொன்றின் மேலட்டையிலும், விடை கிடைக்காத உட்பிரிவையும் அடுத்த முன்னறிவிப்புக்கான அமைச்சகத்தின் நாளையும் எழுதிவிடுவது வழக்கம். பொறுப்பு வேறொருவர் கைக்கு மாறினாலும் அந்த இரண்டு குறிப்புகளைக் கொண்டு அவர் வேலையைத் தொடரலாம்.